தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு தெரு

1

இதை எழுத வைத்தது ஒரு தெரு. அதில் நான் அதுவரை கால் வைத்தது கிடையாது. வட ஜெர்மனியில் ஆற்றை ஒட்டி ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் ரயில் பாதைக்குப் பின்னால், பதினோரு வீடுகள் உள்ள தெரு அது. என் கம்ப்யூட்டர் திரையில் விரல் நகம் அளவு இருக்கும். ஆற்றில் வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கெங்கே ஏறும் என்று காட்டும் வரைபடங்களை நகராட்சிகளுக்குத் தயாரித்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. அந்த ஊர் வரைபடத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் முழுக்க நீலம். அந்தப் பக்கம் வெள்ளை. வெள்ளை என்றால் நனையாத இடம்.

பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் உண்டு. சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. வெள்ளாறு ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோடு நல்ல மேடு. அதைத் தாண்டி ஆற்றுத் தண்ணீர் நம் பக்கம் வராது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. நான் ஒன்பதாவது படித்த வருடம் கார்த்திகையில் வந்தது. ரோட்டைத் தாண்டி வரவில்லை. ரோட்டுக்கு அடியில் ஆடு நுழையும் அளவுக்கு ஒரு மதகு இருக்கிறது. அதன் வழியாக நுழைந்து, வயலைச் சுற்றி, கொல்லைப்புறமாகச் சத்தமில்லாமல் வந்தது. அம்மா வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அடுப்பு அணைந்து புகை வந்த பிறகுதான் திரும்பினாள். வீட்டில் வைத்திருந்த நெல்லெல்லாம் நனைந்துபோக, அடுத்த நாள் முழுக்கச் சாப்பிடாமல் அதைக் காயப்போட்டாள்.

ஆகவே, மேடு என்று ஒன்று இருந்தால் அதன் அடியில் ஓர் ஓட்டை இருக்கும் என்பது நான் பாடப் புத்தகத்தில் படித்ததல்ல. அந்த ஜெர்மன் ஊர் ரயில் மேட்டின் அடியிலும் ஓடை போகும் மதகுகள் இரண்டும், சைக்கிள் போகும் சுரங்கப்பாதை ஒன்றும் இருந்தன. மூன்றையும் மதகு என்றே கணக்கில் சேர்த்தவன் நான்தான். அப்புறம் எப்படி அந்தத் தெரு நனையாமல் இருக்கும்?

புரோகிராம் ஓடி முடிந்ததும் தானாக எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்து பார்த்தேன். 'மதகுகள்: மூன்று. படிக்கப்பட்டன' என்று இருந்தது. கம்ப்யூட்டரே சொல்கிறது, மறுத்துப் பேச நான் யார் என்று நினைத்துக்கொண்டேன். வரைபடம் நகராட்சிக்குப் போய்விட்டது.

2

எனக்கு இங்கே மூன்று வருடம் ஆகப்போகிறது. மேற்படிப்புக்கு இரண்டரை வருடம், இந்த வேலையில் ஐந்து மாதம். ஆறு மாதம் புரொபேஷன். அது முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று கம்பெனி கடிதம் தர வேண்டும். கடிதம் இருந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிப்பார்கள். அட்டை இருந்தால்தான் ஆவணியில் தங்கை மஞ்சுளாவின் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டு, திரும்பி இங்கே நுழைய முடியும். ஒன்றில் ஒன்று தொங்குகிறது.

வேலையில் சேரும்போது கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். கவுன்டரில் இருந்த அம்மாள் தேதியை மட்டும் பார்த்தார்.

"இது பழசு. கடிதத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வயது ஆகியிருக்கக் கூடாது."

"வேலை அதேதான். கம்பெனியும் அதேதான்."

"தேதி அதே இல்லை."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி இறக்கியவர். அம்மா என் டி.சி. வாங்கத்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் படித்துச் சொல்வது ஆறாவது வகுப்பிலிருந்து என் வேலை. நான் படித்துச் சொன்னால் அதுதான். அந்தப் பெருமை எனக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தது. அதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் வேர்.

இனி, நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அப்பாவுக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

எங்கள் புரோகிராமில் இரண்டு பாதி. ஒரு பாதி சாதாரண பிராசஸரில் ஓடும். நில மட்டம், ஆறு, மதகு எல்லாவற்றையும் படித்து அடுக்கிக் கொடுப்பது அதன் பொறுப்பு. மறு பாதி ஜி.பி.யூ. என்னும் கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும். வீடியோ கேம் படம் காட்டச் செய்த அதே கார்டுதான். ஊரைப் பல லட்சம் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று ஒரே சமயத்தில் கணக்குப் போடும். இரண்டு பாதிக்கும் நாங்கள் எழுதும் நிரல் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் அதற்கு வேறு, இதற்கு வேறு. இரண்டு பேரையும் கூப்பிட்டு, யாருக்கு என்ன வேலை என்று சொல்லி, வாங்கிச் சேர்க்கும் மேஸ்திரிக்குப் பெயர் பில்ட் சிஸ்டம்.

நிரலில் சில பத்திகளின் தலையில் ஒரு நிபந்தனை இருக்கும். 'இன்ன சொல்லை உனக்குச் சொல்லியிருந்தால் இந்தப் பத்தியை எடுத்துக்கொள். சொல்லாவிட்டால் இப்படி ஒன்று இருப்பதையே விட்டுவிடு.' அந்தச் சொல்தான் டெஃபினிஷன். மதகுக் கணக்குக்கும் அப்படி ஒரு டெஃபினிஷன் உண்டு. மதகு இல்லாத ஊர்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு வேகமாக முடியும் என்பதற்காக யாரோ வைத்தது. விட்டுவிடு என்றால் கம்பைலர் நிஜமாகவே விட்டுவிடும். தப்பு என்று கத்தாது. எச்சரிக்கைகூடச் செய்யாது.

அந்த மேஸ்திரிக்கு உத்தரவுகளை எழுதிவைக்கும் பழைய பில்ட் கோப்பு பத்து வருடத்துக் குப்பை. யாரும் தொடப் பயந்தார்கள். நான் முன்வந்து, புதிய பில்ட் சிஸ்டத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். புரொபேஷன் ஆள் எதையாவது செய்து காட்ட வேண்டுமே. மாற்றும்போது பார்த்தால் மதகு டெஃபினிஷன் இரண்டு வரியில் இருந்தது. எழுத்துக்கு எழுத்து அதே சொல். ஒரே பேச்சை எதற்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும்? முதல் வரியை வைத்துக்கொண்டு இரண்டாவதை அழித்தேன். அழித்தபோது எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் குழுத் தலைவர் பிர்கிட், ஐம்பதைத் தாண்டியவர். இங்கே எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லி ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் மனசுக்குள் ஒரு 'மேடம்' சேர்த்துக்கொள்வேன். என் மாற்றங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது அவர் கேட்டார்.

"டெஃபினிஷன்கள் இரண்டு பக்கமும் போய்ச் சேர்கின்றனவா?"

"யா, யா" என்றேன், ஆமாம் ஆமாம் என்பதுபோல.

நம் ஊரில் பெரியவர்கள் பேசும்போது 'சரி, சரி' என்று தலையாட்டிக்கொண்டே இருப்போம். காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். அதைத்தான் நான் ஜெர்மனில் செய்தேன். சோதித்துப் பார்த்தாயிற்று என்று அவர் எடுத்துக்கொண்டார்.

3

வரைபடம் போன மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடமிருந்து போன்.

"தம்பி, சின்ன மாமன் எங்கிட்ட பேச மாட்டேங்குறான்."

"ஏம்மா?"

"பத்திரிக வைக்கலியாம்."

மஞ்சுளாவின் கல்யாணம் திருவந்திபுரம் கோயிலில். அம்மாவின் தம்பிகள் இருவரும் அங்கே, கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பெரிய மாமா கோவிந்தன், சின்ன மாமா ஏழுமலை. பாகம் பிரித்து எட்டு வருடம் ஆகிறது. வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு.

யார் யார் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்ற பட்டியலை நான்தான் இங்கிருந்து தயார் செய்தேன். அப்பா சொல்லச் சொல்ல மஞ்சுளா தட்டச்சு செய்து அனுப்பியதில் முன்னூறு வரி இருந்தது. ஒரே தெருவில் ஒரே கதவு எண் மறுபடி வந்தால் அந்த வரியை எடுத்துவிடும்படி செய்து, இருநூற்று எழுபதாகக் குறைத்துத் திருப்பி அனுப்பினேன். எவ்வளவு அலைச்சல் மிச்சம் என்று போனில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

"அப்பாவுக்குத் தெரியாதாம்மா? சின்ன மாமா அங்கதான இருந்திருப்பாரு?"

"இருந்தான். அதே வாசல்ல ஒக்காந்து வண்டிக்குப் பஞ்சர் பாத்துக்கினு இருந்தான். ஒங்கப்பா பெரியவன்கிட்ட தட்ட நீட்டிட்டு, வரட்டுமான்னு கெளம்பிட்டாரு. மஞ்சுளா படிச்சுச் சொன்ன லிஸ்ட்டுல அடுத்த தெருவாம்."

"கேக்க வேண்டியதுதான அவர?"

"கேட்டேன். புள்ள போட்ட லிஸ்ட்டு, அதுல இல்லன்னா ஏதோ காரணம் இருக்கும்னு வந்துட்டேங்குறாரு. நான் என்னாத்த சொல்றது?"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். "ஒரே வூடுதானம்மா. பெரிய மாமா சொல்லியிருக்க மாட்டாரா?"

"அவன் எதுக்குடா சொல்லணும்? அவனுக்கு வச்சது அவனுக்கு. பக்கத்து எலைக்கும் சேத்து ஒருத்தனா திம்பான்? வாசப்படி ஒண்ணுதான், யாரு இல்லன்னா. அடுப்பு ரெண்டுல்ல?"

சின்ன மாமாவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"யாரு பேசறது?"

"மாமா, கதிர்வேலு."

"எந்தக் கதிர்வேலு? ஜெர்மனில இருக்குறவரா? சொல்லுங்க சார்."

"மாமா, தப்பு எம்மேல. அப்பாவ ஒண்ணும் நெனச்சிக்காத."

"எங்க ஊரு கோயில்ல கல்யாணம். மேளச் சத்தம் எங்க வூட்டுக்குக் கேக்கும். ஜன்னலச் சாத்திக்கினு படுத்துக்குறேன், போ."

"லிஸ்ட்டுல நான்தான் மாமா..."

"எம்பேரு லிஸ்ட்டுல இருந்துச்சா, இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

பின்னால் கோழி கத்தும் சத்தம் மட்டும் வந்தது.

"மறந்து போயிருந்தாலும் ஒரு நாயம் இருக்கு. இருந்தத எடுத்தியா." போனை வைத்துவிட்டார்.

4

அந்தப் பேச்சு முடிந்த உடனே எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது என்று எழுதினால் பொய். எரியவில்லை. நான்கு நாள் வேறு வேலை பார்த்தேன். மாமாவின் குரல் காதிலேயே இருந்தது. அந்தத் தெருவும் கண்ணிலேயே இருந்தது. இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. நாற்காலியில் உட்கார முடியாமல் அடிக்கடி எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொண்டு வருவேன். குடிக்க மாட்டேன்.

வியாழக்கிழமை, ஏதோ ஒரு சின்ன மாற்றத்துக்காகப் பில்ட் கோப்பைத் திறந்தேன். மதகு டெஃபினிஷன் கண்ணில் பட்டது. அதற்குக் கீழே, நான் சுத்தம் செய்து வைத்த இடம்.

மேஸ்திரி ஒவ்வொரு கம்பைலரிடமும் என்னதான் சொல்கிறார் என்பதை வெளியே எழுதிக் காட்டச் சொல்லலாம். காட்டச் சொன்னேன். இரண்டு நீளமான வரிகள். பிராசஸர் கம்பைலருக்குப் போன வரியில் அந்தச் சொல் இருந்தது. ஜி.பி.யூ. கம்பைலருக்குப் போன வரியில் இல்லை. விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தேடினேன். இல்லை. நான் வைத்துக்கொண்ட வரி ஒரு கம்பைலருக்கு மட்டும் உரியது. நான் அழித்த வரிதான் மற்றதற்கு உரியது. இரண்டு தடவை எழுதியிருந்தது சோம்பேறித்தனத்தால் அல்ல.

குறிப்பு சொன்னதும் பொய்யில்லை. மூன்று மதகும் படிக்கப்பட்டன. படித்தது பிராசஸர் பாதி. படித்து நீட்டியதைக் கையில் வாங்க மறு பாதியில் ஆள் இல்லை. அதற்கு மதகு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. ரயில் மேடு அதற்கு ஓட்டையில்லாத சுவர்.

டெஃபினிஷனை ஒரு கம்பைலரின் தலையில் மட்டும் கட்டாமல், புரோகிராமுக்கே பொதுவாக, இரண்டு கம்பைலருக்கும் போகும்படி எழுதினேன். இரண்டு வரிகளையும் மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தேன். இருந்தது. வெள்ளத்தை மறுபடி ஓடவிட்டேன். நாற்பது நிமிஷம். மேட்டைத் தாண்டாமல், மதகு வழியாக நுழைந்து, தோட்டங்களின் பக்கமாகச் சுற்றி, பதினோரு வீட்டுக்கும் பின்னாலிருந்து நீலம் ஏறியது.

புரொபேஷன் முடிய அப்போது பதினாறு நாள். அந்த ஊர் நகராட்சி மக்களைக் கூட்டி வரைபடத்தைக் காட்டும் நாள் அதற்கும் முன்னால். சொன்னால் கடிதம் போகும். கடிதம் போனால் அட்டை, அட்டை போனால் கல்யாணம். சொல்லாவிட்டால் அந்தத் தெருக்காரர்களிடம் உங்களுக்குப் பயமில்லை என்று எங்கள் கம்பெனி மேடையில் நின்று சொல்லும்.

வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சனிக்கிழமை ஷாகுல் வீட்டுக்குப் போனேன். பரங்கிப்பேட்டைக்காரர், இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்த ஊரில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசும் ஒரே வீடு அதுதான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மச்சான், ரெண்டு வாரம் வாய மூடிக்கினு இரு. கடுதாசி கைக்கு வரட்டும். அப்பறம் இப்பதான் பாத்தேன்னு சொல்லு."

"அதுக்குள்ள மீட்டிங்கு வந்துடுமே."

"வரட்டும். மழ என்ன நாளைக்கே கொட்டப் போவுதா? நூறு வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற வெள்ளத்துக்கு நீ ரெண்டு வாரம் லேட்டா சொன்னா குடி முழுகிடுமா?"

"எங்க வூட்டுக்கு வந்ததும் அப்படிப்பட்ட வெள்ளந்தான்."

"ரொம்ப யோசிக்கிற நீ. யோசன ஜாஸ்தியானா இந்த ஊர்ல பொழைக்க முடியாது. யா, யான்னு போய்க்கினே இருக்கணும்."

அவர் மகள் ரிஹானாவுக்கு ஏழு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஜெர்மனில்தான் வரும். படம் வரைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னாள். ஷாகுல் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "அப்படி ரெண்டு தடவ சொல்லக் கூடாதாம். சும்மா கெடன்னு அர்த்தமாம். டீச்சர் திட்டுவாங்களாம்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "அதையே தமிழ்ல சொல்லும்மா" என்றார். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் பச்சைப் பென்சிலைத் தேடினாள். அவர் முகம் ஒரு நொடி வாடியதைப் பார்த்தேன். பிர்கிட்டிடம் நான் சொன்ன 'யா, யா'வும் அப்போது வந்து குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்க முடியவில்லை. ரயில் ஏறி அந்த ஊருக்கே போய்விட்டேன். திரையில் விரல் நகம் அளவு இருந்த தெரு, நடந்தால் ஐந்து நிமிஷம் இருந்தது. வீடுகளின் அடியில் நிலவறைகள். தரையை ஒட்டிச் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒரு வீட்டு முன்னால் அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருவர் வண்டியிலிருந்து மரப்பலகைகளை இறக்கி நிலவறைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். தச்சுப் பட்டறை போடுகிறார் போல. நான் நிற்பதைப் பார்த்து வேலையை நிறுத்தினார்.

"யாரையாவது தேடுகிறாயா?"

"சைக்கிள் சுரங்கப்பாதை எங்கே இருக்கிறது?"

"வீட்டுக்குப் பின்னால். தோட்டத்தை ஒட்டியே போ."

நன்றி என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. வாய்க்குள் வார்த்தை இருந்தது. என் ஜெர்மனுக்கு அது கஷ்டமான வாக்கியமும் இல்லை. சுரங்கப்பாதைக்குள் போய் நின்றேன். மூன்று ஆள் ஒன்றாக நடக்கலாம். அந்தப் பக்கம் ஆறு பளபளத்தது. இந்தப் பக்கம் அவர் தோட்டத்து வேலி. பின்னால் பலகை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

5

திங்கட்கிழமை காலை பிர்கிட்டின் அறைக் கதவைத் தட்டினேன். இரண்டு வரைபடத்தையும் இரண்டு கம்பைலர் வரிகளையும் தாளில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முழுக்கக் கேட்டார். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எப்போது கண்டுபிடித்தாய்?"

"வியாழக்கிழமை."

"இன்றைக்குத் திங்கள்."

வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார்.

"டெஃபினிஷன் விட்டுப்போனது உன் தவறு மட்டும் இல்லை. நான் கேட்டேன், நீ ஆமாம், ஆமாம் என்றாய். நான் கோப்பைப் பார்ப்பதற்குப் பதிலாக உன் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அது என் தவறு. அதை நான் எழுதிக் கொடுப்பேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஆனால் இந்த நான்கு நாள் உன்னுடையது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்."

கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் அன்றைக்கே நகராட்சிக்குப் போன் செய்தார். வரைபடம் திரும்பப் பெறப்பட்டது. கூட்டம் மூன்று வாரம் தள்ளிப்போனது. மற்ற ஊர்களின் பழைய வரைபடங்கள் எந்தக் கோப்பிலிருந்து வந்தவை என்று நானும் அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். என் கைபட்ட பின் போனது அந்த ஒன்றுதான்.

நிரந்தரக் கடிதம் வரவில்லை. ஒரு வருட ஒப்பந்தம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். அதே அம்மாள். "இப்போது தேதி சரியாக இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டார். ஒரு வருடத்துக்கு மட்டும் அட்டை. கல்யாணத்துக்குப் போய் வரலாம். அதற்கு மேல் என்ன என்று தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குப் பழகவே இல்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். இரண்டு கம்பைலர், ஒரு மேஸ்திரி, நான் அழித்த வரி. பாதியில் நிறுத்திக் கேட்டார்.

"இப்ப அந்த ரெண்டாவது ஆளுக்கும் தனியா சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்பா."

"சொன்னது அவங்காதுல வுழுந்துச்சான்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப நானும் ஒருநட போய்ட்டு வரேன்."

மறுநாளே வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் திருவந்திபுரம் போயிருக்கிறார்கள். சின்ன மாமா வாங்க என்று சொல்லவில்லையாம். மாமிதான் பாயைப் போட்டாளாம். அப்பா உட்காராமல், தட்டை நீட்டியபடி நின்றிருக்கிறார். கரும்பு தூக்கித் தோள் போன மனுஷன், நீட்டிய தட்டை இறக்கவே இல்லையாம். அதைப் பார்த்ததும் மாமா தட்டை வாங்கிக்கொண்டாராம். அன்று சாயங்காலம் அவரே எனக்குப் போன் போட்டார்.

"மாப்ள, வரேன். ஒனக்காக இல்ல. ஒங்கப்பா நின்னுக்கினே இருந்தாரு."

"சரி மாமா."

"என்னா சரி? சீரு எடுத்தாரச் சொல்லோ நீ வந்து எம்முன்னால நடக்கணும். லிஸ்ட்ட எழுதறவரு கூட்டத்துல இடிபட்டு வரட்டும்."

6

தள்ளிப்போன கூட்டத்துக்குப் பிர்கிட் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் நூறு பேர் இருந்திருப்பார்கள். திரையில் புதிய வரைபடம். தெரு நீலமாக இருந்தது.

இரண்டாவது வரிசையிலிருந்து பலகைக்காரர் எழுந்தார். நகராட்சி இணையதளத்தில் முதல் வரைபடம் பத்து நாள் இருந்தது, அதை நம்பித்தான் பட்டறையை நிலவறைக்கு மாற்றினேன், இப்போது இது என்ன என்று கேட்டார். பிர்கிட் மைக்கை எடுத்தார். நான் அவர் கையைத் தொட்டு, நான் சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு மைக்கைக் கொடுத்தார்.

கணக்கில் மதகுகள் விட்டுப்போயின, விட்டது நான், என்றேன். இரண்டு வாக்கியம். வினைச்சொல் ஒன்று தப்பான இடத்தில் விழுந்தது, யாரும் சிரிக்கவில்லை.

அவர் உட்காரவில்லை. என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முன்னால் நின்றாய். சுரங்கப்பாதை எங்கே என்று கேட்டாய்."

"ஆமாம்."

"அன்றைக்கு உனக்கு இது தெரியுமா?"

பிர்கிட் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனதை அவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"தெரியும்" என்றேன்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் அதற்குக் காது கொடுக்கவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்தார். அம்மா சாப்பிடாமல் காயப்போட்ட ஈர நெல்லைப் பற்றி அவரிடம் சொல்ல முடியாது. அது அவர் பலகையை உலர்த்தாது.

"என் முதுகு சரியில்லை" என்றார். "கீழே கொண்டுபோனதை எல்லாம் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். சனிக்கிழமை எட்டு மணிக்கு வா."

போனேன். ஷாகுலும் வந்தார், கூப்பிடாமலே. "ஒனக்குப் புத்தி சொன்ன பாவம் எனக்கும் இருக்குல்ல மச்சான்" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினார். பதினான்கு படி. பலகைகள், மேஜை, இரும்புப் பிடிப்பான்கள், ஆணிப் பெட்டிகள். மதியம் வரை அந்த மனிதர் எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நிலவறை காலியானது. அவர் கீழே வந்து, தோட்டத்துப் பக்கம் தரையை ஒட்டியிருந்த சின்ன ஜன்னலைக் காட்டினார்.

"இதன் வழியாகவா?"

"ஆமாம்."

"எவ்வளவு உயரம்?"

என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். அவர் கிட்டே வந்து, பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் கை இருந்த மட்டத்துக்குச் சுவரில் ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு, கோடு நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.